அத்தியாயம் 5: மருந்துக்கு அடங்காத கிருமியை அடுப்படியில் அடக்குவது எப்படி?

கொச்சி இடப்பள்ளி புனித ஜார்ஜ் தேவாலயத்தின் கோழி நேர்ச்சை பேர்பெற்றது. பெருநாள் சமயத்தில் நேர்ந்துகொண்டவர்கள் கோழியோடு வருவார்கள். மற்ற நாட்களில் அந்த வட்டாரத்து வீடுகளுக்குக் கோழி கடையிலிருந்துதான் வருகிறது. கேரளத்தில் விற்கும் கறிக்கோழியில் கணிசமான பங்கு பல்லடம், கோவை, நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் வளர்ந்து, வாளையாறு தாண்டி லாரியில் வருவது. முட்டைக்கு நாமக்கல், மீனுக்குத் தோப்பும்படித் துறைமுகம். ஆகவே கொச்சியில் குடியிருப்பவருக்கும் கோவையில் குடியிருப்பவருக்கும் இந்த அத்தியாயத்தில் வேறுபாடு இல்லை.

ஆன்டிபயாடிக் மருந்துக்குச் சாகாத பாக்டீரியா கடையில் வாங்கும் இறைச்சியிலும் மீனிலும் இருக்கலாம். அதை வீட்டில் என்ன செய்வது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

முதலில் நான்கு விஷயங்கள்

1. மருந்தின் மிச்சம் வேறு, கிருமி வேறு. பண்ணையில் கொடுத்த மருந்து இறைச்சியில் தங்கிவிடுவது ஒரு பிரச்சினை. டெல்லியைச் சேர்ந்த அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014இல் தலைநகர் வட்டாரத்தில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் இந்த மிச்சம் இருந்தது. சமைப்பதால் மிச்சம் முழுதாகப் போய்விடும் என்று நம்ப முடியாது. மருந்துக்குப் பழகிப்போன பாக்டீரியா உயிரோடு வருவது இன்னொரு பிரச்சினை. அதை வீட்டில் அழிக்க முடியும். இந்த அத்தியாயம் இந்த இரண்டாவது பிரச்சினையைப் பற்றியது.

2. பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. கெட்டுப்போன மீன் நாறும். மருந்துக்கு அடங்காத கிருமி ஏறிய மீன் நாறாது, நிறமும் மாறாது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

3. மருந்துக்கு அடங்கும் கிருமியும் அடங்காத கிருமியும் சூட்டுக்கு ஒன்றுதான். ஆன்டிபயாடிக்கை எதிர்க்கக் கற்ற பாக்டீரியா கொதிக்கும் குழம்பை எதிர்க்கக் கற்கவில்லை. சாதாரண ஈ.கோலை சாகும் சூட்டிலேயே இதுவும் சாகும்.

4. இது வெறும் பயம் அல்ல. கொச்சி வில்லிங்டன் தீவில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் (சிஃப்ட்) விஞ்ஞானிகள், கேரளத்தில் சில்லறையாக விற்கும் கடல் உணவில் எம்ஆர்எஸ்ஏ என்ற, மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைக் கண்டிருக்கிறார்கள். மீனுக்குச் சொந்தமான கிருமி அல்ல இது. மனிதர் மூக்கிலும் தோலிலும் குடியிருப்பது. பிடிக்கும் கை, வெட்டும் கத்தி, அலசும் வாளி என்று கைமாறும்போது ஏறிக்கொள்ளக்கூடியது. சென்னையில் வாங்கிய உணவு மாதிரிகளில் கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தையே எதிர்க்கும் பாக்டீரியா இருந்ததாக 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை மத்திய அரசு அதே ஆண்டு ஜூலையில் தடை செய்தது.

ஆக, சமைத்த குழம்பால் ஆபத்து குறைவு. சமைப்பதற்கு முன்னால் பச்சை இறைச்சி தொட்ட இடங்களால்தான் ஆபத்து அதிகம். கீழே வரும் கட்டங்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

- இரண்டு வெட்டுப்பலகை, இரண்டு கத்தி. ஒரு ஜோடி பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும், இன்னொன்று காய்கறிக்கு. நிறம் வேறாக இருந்தால் அவசரத்தில் மாறாது.
- மூடி உள்ள ஆழமான டப்பா இரண்டு.
- மீன், கறிக்கு என்றே ஒரு துணிப்பையோ கூடையோ. துவைக்கக்கூடியதாக இருக்கட்டும்.
- சாதாரண சோப்பு. கிருமிநாசினி சோப்பு தேவையில்லை.
- வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் திரவம்.
- முடிந்தால், குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி.

கட்டம் 1: கடையில்

1. காய்கறி, பால், பிரெட் எல்லாம் முதலில் வாங்குங்கள். மீனும் கறியும் கடைசியாக இருக்கட்டும். கொச்சி வெயிலில் பை காத்திருக்கும் நேரம் குறையும்.

2. கோழிக்கடையில் வெட்டும் மரக்கட்டையைப் பாருங்கள். காலையிலிருந்து எத்தனையோ கோழி அதில் வெட்டுப்பட்டிருக்கும். கட்டையில் ஆழமான பிளவு இருந்து அதில் சதை ஒட்டியிருந்தால் கடையை மாற்றுங்கள். உயிர்க்கோழிக் கூண்டும் வெட்டும் மேடையும் தள்ளித்தள்ளி இருக்கும் கடை நல்லது.

3. மீன் கடையில் ஐஸைப் பாருங்கள். மீனும் ஐஸும் எடைக்கு எடை சமமாக இருப்பதுதான் நம் ஊர் வெப்பத்துக்குச் சரியான அளவு. தட்டில் மேலாக இரண்டு துண்டு ஐஸ் போட்டு வைத்திருப்பது கண்துடைப்பு. அழுக்கான ஐஸ் என்றால் வாங்காதீர்கள்.

4. மீனைச் சுத்தம் செய்து தரச் சொன்னால், அலசும் வாளியைக் கவனியுங்கள். மத்தி, அயிலை, கரிமீன் எல்லாம் ஒரே வாளித் தண்ணீரில் முங்கி எழுந்திருக்கும். தண்ணீர் சிவந்து கலங்கியிருந்தால், “வேற தண்ணி மாத்திட்டு அலசுங்க” என்று கேளுங்கள். மாற்ற மறுத்தால் முழு மீனாக வாங்கி வந்து வீட்டில் சுத்தம் செய்யுங்கள்.

5. கறிக்கு மேல் இன்னொரு பையைச் சுற்றச் சொல்லுங்கள். சாறு ஒழுகித் தக்காளியில் விழுவது பெரும்பாலும் ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கும் பையில்தான்.

6. முட்டையில் விரிசலோ அழுக்கோ இருந்தால் ஒதுக்குங்கள்.

*குறிப்பு:* மீனைத் தொட்டுப் பார்த்த கையோடு போனை எடுத்துப் பணம் அனுப்புவது இப்போது எல்லோரும் செய்வது. அதே போன் சாப்பாட்டு மேசைக்கும் வரும். பணத்தை முதலில் அனுப்பிவிட்டு மீனைத் தொடுங்கள், அல்லது வீட்டுக்கு வந்ததும் போனையும் துடையுங்கள்.

கட்டம் 2: வீட்டுக்கு வந்தவுடன்

1. வாங்கிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெயில் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம்தான் கணக்கு. கொச்சியில் ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கணக்கையே பிடியுங்கள்.

2. மூடிய டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் ஒழுகும் சாறு தயிரிலும் மாவிலும் இறங்கும்.

3. ஃபிரிட்ஜ் 4 அல்லது 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கோழியையும் மீனையும் ஓரிரு நாளில் சமைத்துவிடுங்கள். முடியாது என்றால் ஃப்ரீசரில்.

4. ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்கவைக்கும். உறைந்த கறியைக் காலையில் மேடையில் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் இளகியிருக்கும்.

5. மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே வைத்தால் ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர் தாங்கும்.

கட்டம் 3: கழுவுவதும் வெட்டுவதும்

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன. வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. சமைக்காமல் சாப்பிடும் எல்லாவற்றையும் முதலில் முடியுங்கள். தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம், புதினாச் சட்னி, சாலட் வெள்ளரி, கடைசியில் தூவும் கொத்தமல்லி ஆகியவற்றை ஓடும் தண்ணீரில் அலசி, நறுக்கி, மூடி, மேடையை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

2. மசாலாவைத் தேவையான அளவு ஒரு கிண்ணத்தில் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். கறி பட்ட கையை அஞ்சறைப்பெட்டிக்குள் விட்டால், அந்தப் பெட்டி மாதக் கணக்கில் கிருமியைப் பரிமாறும்.

3. இப்போது கோழி. குழாயடியில் நீட்டிக் கழுவாதீர்கள். தெறிக்கும் துளிகள் பக்கத்தில் இருக்கும் தட்டு, டம்ளர், உங்கள் சட்டை வரை போகும். கழுவினால் கிருமி சாகாது, பரவும். இறகுத் துணுக்கும் இரத்தக்கட்டியும் போக வேண்டும் என்றால், ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, கறியை அதற்குள் முழுக்கி மெதுவாகப் புரட்டுங்கள். தண்ணீரைத் தொட்டியில் தெறிக்காமல் சாய்த்து ஊற்றுங்கள்.

4. மீனைக் கழுவாமல் முடியாது. அதையும் பாத்திரத்துத் தண்ணீருக்குள்ளேயே செதில் உரசி எடுங்கள். செதில் நாலாபக்கமும் பறக்காமல் இருக்க இதுவே நல்ல வழி.

5. முடிந்த கையோடு பாத்திரம், பலகை, கத்தி, தொட்டி, குழாயின் கைப்பிடி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். குழாயின் கைப்பிடியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

6. பிறகு பிளீச். 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி (15 மி.லி.) கலந்து பலகையிலும் தொட்டியிலும் ஊற்றி, 2 நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். அழுக்கின் மேல் பிளீச் ஊற்றிப் பயன் இல்லை. சோப்புக்குப் பின்தான்.

7. கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். நகக்கண்ணை விடாதீர்கள்.

*எச்சரிக்கை:* பிளீச்சை வினிகர், எலுமிச்சை, ஆசிட், கழிவறை சுத்தம் செய்யும் திரவம், அமோனியா எதோடும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். ஜன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்துங்கள். குழந்தை எட்டாத இடத்தில், குடிக்கும் பாட்டில் அல்லாத புட்டியில் வையுங்கள்.

கட்டம் 4: அடுப்பில்

1. கோழியின் தடித்த பகுதி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். வெப்பமானி இல்லை என்றால் தொடைக்கறியை எலும்போடு ஒட்டிப் பிளந்து பாருங்கள். ரோஸ் நிறமோ, கலங்கிய சாறோ தெரிந்தால் இன்னும் வேகட்டும். நிறம் மட்டுமே முழு உத்தரவாதம் அல்ல. கொதி வந்தபின் நேரம் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

2. குக்கரில் வேகும் கறியைப் பற்றிக் கவலை வேண்டாம். உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டும்.

3. கவனம் வேண்டியது வறுவலிலும் சுட்டதிலும். அல்ஃபாம், தந்தூரி, முழுக் கரிமீன் பொள்ளிச்சது எல்லாம் வெளியே கருகி உள்ளே வேகாமல் இருக்கலாம். ஆழமாகக் கீறுங்கள், தீயைக் குறைத்து மூடி வேகவிடுங்கள்.

4. மீன் சதை ஒளி ஊடுருவாத வெண்மையாக மாறி, முள்ளிலிருந்து இதழ்போலப் பிரிய வேண்டும்.

5. பச்சைக் கறி ஊறிய மசாலாவை, வெந்த கறிமேல் தடவாதீர்கள். வேண்டும் என்றால் தனியாக எடுத்து வைத்த மசாலாவைப் பயன்படுத்துங்கள்.

6. பச்சைக் கறியை எடுத்த தட்டிலும் கரண்டியிலும் வெந்ததை எடுக்காதீர்கள்.

கட்டம் 5: மிச்சம் வைப்பது

குடம்புளி போட்ட மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பார்கள். மண்சட்டியோடு இரவு முழுக்க அடுப்படியிலேயே இருக்கும். புளிப்பு பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை. அதை நம்பி ஃபிரிட்ஜைத் தவிர்க்கக் கூடாது. காரணம், ஸ்டாஃபிலோகாக்கஸ் சமைத்த சாப்பாட்டில் வளரும்போது ஒரு நச்சை விடும். மறுநாள் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும்.

1. சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை அகலமான, ஆழம் குறைந்த பாத்திரத்துக்கு மாற்றி ஆறவிடுங்கள்.
2. 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜ். ருசி அங்கேயும் ஊறும்.
3. வேண்டிய அளவு மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்கவைத்துப் பரிமாறுங்கள்.
4. திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள்.

வெளியில் வாங்கும் சாப்பாடு

2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி ஒருவர் உயிரிழந்தார். ஷிகெல்லா கிருமி கண்டறியப்பட்டது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை விதித்தது. நீங்கள் செய்யக்கூடியவை:

- ஷவர்மா வாங்கும்போது அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். அணைந்த அடுப்பின் முன் சுற்றிக்கொண்டிருக்கும் கறி, கிருமிக்கு இதமான சூட்டில்தான் இருக்கும்.
- மயோனைஸ் முட்டை சேர்க்காததா, பாஸ்டரைஸ் செய்த முட்டையிலா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.
- பார்சலில் சமைத்த நேரமும் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் ஒட்டியிருக்க வேண்டும் என்று கேரளம் 2023இல் கட்டாயமாக்கியது. அந்தச் சீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

“மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவிட்டேன், இனிப் பயம் இல்லை.” வாடை போகும். கிருமி போதுமான அளவு குறையாது. அந்த வேலையை அடுப்பு செய்யும்.

“ஃபார்மலின் டெஸ்ட் செஞ்சாச்சு, மீன் சுத்தம்.” 2018இல் கேரளத்தில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டபோது, சிஃப்ட் உருவாக்கிய சோதனைத் தாள் பிரபலமானது. அந்தத் தாள் சொல்வது ஃபார்மலின், அமோனியா பற்றி மட்டும். பாக்டீரியாவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

“நாட்டுக்கோழிதான் வாங்குவேன், அதில் வராது.” ஆன்டிபயாடிக் கொடுக்காத பறவையிலும் மண், தண்ணீர், வெட்டும் கட்டை வழியாக இந்தக் கிருமி ஏறலாம். கையாளும் முறையில் சலுகை கிடையாது.

“ஏ.சி. கடையில் பேக் செய்தது.” பேக்கிங் வெளியிலிருந்து தூசு படாமல் காக்கும். உள்ளே ஏற்கெனவே இருப்பதை ஒன்றும் செய்யாது. எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் தரும் 14 இலக்க உரிம எண், பேக் செய்த தேதி, குளிர்ப்பெட்டியின் குளிர் மூன்றையும் பாருங்கள்.

“ஒரே துணியில் எல்லாம் துடைக்கலாம்.” ஈரமான அடுப்படித் துணியில் பாக்டீரியா நன்றாகப் பெருகும். தினமும் மாற்றிக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள்.

பாதுகாப்பு: காயமும் வயிற்றுப்போக்கும்

*மீன்முள், இறால் கொம்பு குத்தினால்:*

1. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள்.
2. காயத்தை மூடுங்கள். மேலே கையுறை இல்லாமல் சமைக்காதீர்கள். உங்கள் காயமே குழம்புக்குக் கிருமி கொடுக்கலாம்.
3. சிவப்பு பரவினாலோ, வீக்கம், கடும் வலி, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். மீன் குத்தியது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

*சாப்பிட்டபின் வயிற்றுப்போக்கு வந்தால்:*

1. ஓஆர்எஸ் கரைசலைக் குடிக்கத் தொடங்குங்கள். பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள்.
2. மருந்துக்கடையில் போய் “லூஸ் மோஷனுக்கு ஏதாவது மாத்திரை” என்று கேட்காதீர்கள். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாது. போன முறை மிஞ்சிய மாத்திரையையும் எடுக்காதீர்கள். அது குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று, அடங்காத கிருமிக்கு இடம் காலி செய்துகொடுக்கும்.
3. மலத்தில் இரத்தம், அதிகக் காய்ச்சல், சிறுநீர் குறைதல், நிற்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் இந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்காதீர்கள்.
4. ஆன்டிபயாடிக் தேவை என்று மருத்துவர் முடிவுசெய்தால், அதற்கு முன் மலப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்பது அதில் தெரியும்.

*குறிப்பு:* மாத்திரை அட்டையின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதது. மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கட்டுப்படுத்த, 2018 அக்டோபரில் தனிச் செயல்திட்டம் தொடங்கிய முதல் மாநிலம் கேரளம். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்க 2024இல் ‘ஆபரேஷன் அம்ருத்’ சோதனைகளைத் தொடங்கியது.

புகார் செய்ய

1. பில், பாக்கெட், பார்சல் சீட்டு எதையும் தூக்கியெறியாதீர்கள். மிச்ச உணவை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.
2. எஃப்எஸ்எஸ்ஏஐ கட்டணமில்லா எண் 1800 112 100. கேரள உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 1800 425 1125.
3. கடை, நேரம், சாப்பிட்டவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி நேரத்தில் உடம்பு கெட்டது என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். ஒரே கடையைப் பற்றிப் பல வீடுகளிலிருந்து புகார் வந்தால்தான் அதிகாரிகளுக்கு மூலம் பிடிபடும்.

கடைசியாக

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகில் நேரடியாக இறந்தவர்கள் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர். பண்ணையில் எந்த மருந்து கொடுப்பார்கள் என்பதை நீங்கள் ஒருவராக மாற்றிவிட முடியாது. அதற்குச் சட்டமும் கண்காணிப்பும் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இறைச்சி, பால், முட்டை, மீன் வளர்ப்பில் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ விதித்த தடை நடப்பில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது பலகை, சோப்பு, அடுப்பு, ஃபிரிட்ஜ். கோழியையும் மீனையும் விட்டுவிட வேண்டியதில்லை. நாளை கடைக்குப் போகும்முன் இரண்டாவது பலகை ஒன்று வாங்கிவிடுங்கள். மற்றவை பழக்கத்தில் வந்துவிடும்.